498 மைக்ரான் கருவிழி: லேசரா, உள்ளே லென்ஸா, பேசாமல் கண்ணாடியா?

ஜூன் 8, 2024 (கேள்வி)

தங்கைக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.5, இரண்டு வருடமாக மாறவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம். ஓர் ஆஸ்பத்திரியில் கருவிழிக் கனம் 498 மைக்ரான், ஸ்மைல் என்ற லேசர் செய்துவிடலாம், இந்த மாதத்துக்குள் என்றால் தள்ளுபடி என்றார்கள். இன்னொரு இடத்தில் லேசரே வேண்டாம், கண்ணுக்குள் ஐசிஎல் லென்ஸ் வையுங்கள் என்கிறார்கள். செலவு இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாமவர் காசுக்காகச் சொல்கிறாரா? அக்கா, நீங்கள் லேசிக் செய்துகொண்டவர், சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

காசுக்காக என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம் தம்பி. முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியக் கணக்கு ஒன்றும் இல்லை.

கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்னால் இருக்கிற ஒளிபுகும் அடுக்கை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரிக் கருவிழி நடுவில் 540 மைக்ரான் வாக்கில் இருக்கும். உங்கள் தங்கைக்கு 498, அதாவது கொஞ்சம் மெல்லிசு. லேசிக்கில் ஒரு டயாப்டர், அதாவது ஒரு பவர், குறைக்கச் சுமார் 12 மைக்ரான் திசுவை லேசர் எடுக்கும். 6.5-க்கு 78. அதற்கு முன் மேலே மூடி போலத் திறக்கிற ஒரு மெல்லிய அடுக்கை, ஃப்ளாப் என்பார்கள், வெட்டுவார்கள், அது 110 என்று வையுங்கள். 498-இல் 188 போனால் அடியில் மிஞ்சுவது 310. அடியில் 250-க்குக் குறையக் கூடாது என்பது பழைய எல்லை. இப்போது பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே இறங்க மாட்டார்கள்.

310 என்றால் தப்பித்துவிட்டது போலத் தெரியும். முழுதாகத் தப்பவில்லை. இன்னொரு கணக்கு இருக்கிறது: ஃப்ளாப்பும் எடுத்த திசுவும் சேர்ந்து மொத்தக் கனத்தில் நூற்றுக்கு 40-ஐத் தொட்டால் பிற்காலத்தில் கருவிழி பலமிழந்து முன்னால் பிதுங்கும் அபாயம் கூடுகிறது. இங்கே 188-ஐ 498-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 38 வருகிறது. எல்லைக்கு உள்ளேதான், ஆனால் எல்லையை ஒட்டி.

ஆக, வேண்டாம் என்றவர் காரணமில்லாமல் சொல்லவில்லை.

ஜூன் 9, காலை

நேற்றுப் போட்ட 12 மைக்ரான், 6 மில்லிமீட்டர் வட்டத்தைச் செதுக்குவதற்கான கணக்கு. இருட்டில் கண்ணின் பாப்பா நன்றாக விரிகிற இளவயதுக்காரர்களுக்கு வட்டம் 6.5 வைப்பது சாதாரணம். அப்போது டயாப்டருக்கு 14 ஆகிவிடும். 6.5-க்கு 91. மிஞ்சுவது 297. சதவீதம் 40-ஐத் தாண்டிவிடுகிறது. வட்டத்தைச் சுருக்கித் திசுவை மிச்சம் பிடிக்கலாம், ஆனால் ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு விலை.

ஸ்மைலில் ஃப்ளாப் கிடையாது. கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வரைந்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் வெட்டு வழியாக அதை உருவி எடுக்கிறார்கள். மேல் அடுக்கு பெரும்பாலும் வெட்டுப்படாமல் நிற்பதால் லேசிக் கணக்கை அப்படியே இதற்குப் போடக் கூடாது என்று வாதாடும் மருத்துவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் அதே பவருக்கு ஸ்மைலில் கொஞ்சம் கூடுதலாகவே திசு போகிறது, வில்லை கிழியாமல் வர ஓரளவு கனம் வேண்டுமே. ஸ்மைலுக்குப் பிறகும் கருவிழி பிதுங்கியவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

உங்களிடம் இரண்டு பேரும் சொல்லாத மூன்றாவது வழி பிஆர்கே. ஃப்ளாப்பும் இல்லை, வில்லையும் இல்லை. மேல்தோல் 50 மைக்ரான் வாக்கில் இருக்கும், அதை மட்டும் வழித்துவிட்டு நேராக லேசர். தோல் சில நாளில் தானாக வளர்ந்துவிடும். 498-இல் 50-உம் 91-உம் போனால் மிச்சம் 357. மெல்லிய கருவிழிக்கு இது நல்ல கணக்கு. ஆனால் 6.5 மாதிரி பெரிய பவருக்கு, ஆறும்போது கருவிழியில் லேசாகப் புகை படிகிற மாதிரி ஒரு மங்கல் வரலாம். அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில விநாடி தொட்டு வைப்பார்கள். அப்புறம் வலி. என் சித்தி மகன் செய்துகொண்டான். முதல் இரண்டு நாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கண்ணீர் வடிய, யார் பேசினாலும் எரிந்து விழுந்தபடி படுத்துக் கிடந்தான். இன்று அவனுக்கு இருக்கிற பார்வை எனக்கு இல்லை.

ஜூன் 9, மதியம்

தள்ளுபடிக்குக் கடைசித் தேதி வைக்கிற இடத்தில் அந்தத் தேதி முடிந்த பிறகு போய்ப் பாருங்கள், அதே தள்ளுபடி அங்கேயே உட்கார்ந்திருக்கும். மாத முடிவுக்குள் முடிவெடுக்கும் அளவுக்கு இதில் அவசரம் எதுவும் கிடையாது.

ஜூன் 11

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

2005-இல் செய்துகொண்டேன். எனக்கு மைனஸ் 5.5. காரணம் கல்யாணம்தான், வேறென்ன. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, கண்ணாடி எப்போதும் போட்டுத்தான் ஆகணுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளையும் கண்ணாடிதான், அதை யாரும் கேட்கவில்லை. அந்த இடம் அமையவில்லை, ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா வைப்புநிதியில் முன்பணம் எடுத்தார்.

அப்போதெல்லாம் ஃப்ளாப்பை வெட்ட லேசர் இல்லாத இடங்கள்தான் அதிகம். மைக்ரோகெரட்டோம் என்று ஒரு சின்ன இயந்திரக் கத்தி. கண்ணைச் சொட்டு மருந்தால் மரக்கடித்துவிட்டு, இமையை ஒரு கம்பி வைத்து விரித்துப் பிடிக்கிறார்கள். பிறகு ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து உறிஞ்சுகிறார்கள். அந்தச் சில விநாடிகளில் பார்வை முழுவதும் போய்விடும். மங்குவது இல்லை, அணைந்துவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் எனக்கு அங்கேதான் கை நடுங்கியது. அப்புறம் ஒரு சின்ன மோட்டார் ஓடுகிற சத்தம். இளநீரைச் சீவி, மூடியை ஓர் ஓரத்தில் ஒட்டியபடி விட்டு வைப்பார்கள் இல்லையா, ஃப்ளாப் அப்படித்தான். அதைத் திருப்பி வைத்ததும் மேலே இருந்த சிவப்புப் புள்ளி கலைந்த கோலமாகிறது. லேசர் டக்டக்டக் என்று அடிக்கிறது. முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை. அது என் கண்ணிலிருந்து வருகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஃப்ளாப்பை மூடி, ஈரப் பஞ்சால் நீவி விடுவதைக் கண்ணுக்குள் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து உட்கார்ந்ததும் எதிர்ச்சுவர்க் கடிகாரம் தெரிந்தது, பனிமூட்டத்துக்கு அப்பால். அன்று சாயங்காலம் மணல் விழுந்தது போல உறுத்தல். இரவில் கண்ணைத் தேய்த்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் மூடி இரண்டை முகத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். தம்பி தவளை என்று கூப்பிட்டான். மறுநாள் மூடியைக் கழற்றினால் எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியின் பூப்போட்ட டிசைன் தெரிந்தது. அந்த வீட்டில் துணி காய்வதே அதுவரை எனக்கு ஒரு நிறக் கலங்கல்தான்.

இத்தனைக்குப் பிறகும் முழுப் பூஜ்யம் ஆகவில்லை. இடது கண்ணில் அரை டயாப்டர் மிச்சம், இரவில் வண்டி ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி. மறுபடி சந்தர்ப்பம் கிடைத்தால் செய்துகொள்வேனா? செய்துகொள்வேன். ஆனால் எனக்காக.

ஜூன் 12

உலர்கண் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்கிறார் சேலத்து நண்பர். சரிதான், அதுதான் அதிகம் பேருக்கு வருகிற தொல்லை.

ஃப்ளாப் வெட்டும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. கண் காய்ந்துவிட்டது என்ற தகவலே மேலே போவதில்லை, கண்ணீரும் குறைவாக ஊறுகிறது. நரம்பு வளர மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை, நாள்பட்ட எரிச்சலாக, வலியாகவே நின்றுவிடுகிறது. 2022-இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற எஃப்டிஏ, லேசிக்குக்கு முன் நோயாளியிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரைவு வெளியிட்டபோது உலர்கண், இரவு வளையம், வலி எல்லாம் அதில் முன்வரிசையில் இருந்தன. ஸ்மைலில் வெட்டு சின்னது என்பதால் இந்தத் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று விளம்பரத்தில் வருவதை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே உலர்கண் உள்ளவருக்குத்தான் பெரிய சிக்கல். அதற்கு ஷிர்மர் சோதனை: கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் விட்டு, ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று பார்ப்பது. மலிவான சோதனை. செய்யாமலே தேதி குறிக்கிற இடம் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பகல் முழுக்க ஏசியில் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் இரண்டு முறை கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஜூன் 15

ஐசிஎல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கருவிழியில் கை வைப்பதே இல்லை, ஓரத்தில் போடும் சிறு வெட்டைத் தவிர. மெல்லிய லென்ஸைச் சுருட்டி உள்ளே விட்டு, கண்ணின் நிறப்பகுதிக்குப் பின்னால், சொந்த லென்ஸுக்கு முன்னால் விரித்து வைக்கிறார்கள். சொந்த லென்ஸ் அப்படியே இருக்கும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், லேசரால் எடுத்த திசுவைத் திரும்ப வைக்க முடியாது. பெரிய பவருக்குப் பார்வையின் தரமும் லேசரைவிட நன்றாகவே இருக்கிறது.

குறை என்ன? கண்ணுக்குள் செய்கிற அறுவை இது. கிருமி புகுந்தால் விளைவு மோசம், அபூர்வம் என்றாலும். லென்ஸின் அளவு சரியாக அமைய வேண்டும். சின்னதாகிவிட்டால் சொந்த லென்ஸை உரசிப் புரை வரலாம், பெரிதாகிவிட்டால் கண்ணழுத்தம் ஏறலாம். புதிய வகையில் நடுவில் 0.36 மில்லிமீட்டர் ஓட்டை வைத்திருக்கிறார்கள், கண்ணின் நீர் அதன் வழியே ஓடும், இந்த இரண்டு தொல்லையும் குறைந்திருக்கிறது. அந்த ஓட்டையே முதலில் சிலருக்கு விளக்குகளைச் சுற்றி வளையமாகத் தெரியும், போகப் போகப் பழகிவிடும். முன்னறை, அதாவது கருவிழிக்குப் பின்னால் சொந்த லென்ஸ் வரை உள்ள இடம், சுமார் 2.8 மில்லிமீட்டராவது ஆழம் இருக்க வேண்டும், கருவிழியின் உள்பக்கச் செல்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வருடா வருடம் போய்க் காட்ட வேண்டும்.

தம்பி, இரண்டாவது ஆஸ்பத்திரியில் முன்னறை ஆழம் எவ்வளவு என்று கேட்டு வாருங்கள். அதைச் சொல்லாமல் ஐசிஎல் மட்டும் சொல்லியிருந்தால் அப்போது காசுக் கேள்வியை எழுப்பலாம்.

ஜூன் 16

கனம் போதும் என்றால் லேசர் செய்யலாம்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. என் தங்கையின் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு நன்றாக அமைந்ததும் அவளும் கிளம்பினாள். மைனஸ் 4, கருவிழி 520-க்கு மேல். காகிதத்தில் என்னைவிட நல்ல கேஸ். முதலில் போன இடத்தில் பணம் கட்டச் சொன்னார்கள். கூட வந்த பெரியப்பா சும்மா இருக்காமல் இன்னோர் இடத்திலும் காட்டச் சொன்னார், கிராமத்து மனுஷர், ஆனால் வயல் வாங்கினாலும் இரண்டு சர்வேயரைக் கூப்பிடுவார். அங்கே பென்டகாம் எடுத்தார்கள். தாடையை வைத்து உட்கார்ந்தால் நீல ஒளிக்கீற்று ஒன்று கண்ணுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றும், இரண்டு விநாடிதான். அதிலிருந்து கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் கலர் வரைபடம் வரும். அவளுடைய படம் முன்பக்கத்தில் பச்சையாக, சாதுவாக இருந்தது. பின்பக்கத்தில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புத் திட்டு. டாக்டர் அதன்மேல் பேனா நுனியை வைத்து, இந்தக் கண்ணில் லேசர் பட்டால் ஐந்து வருடத்தில் என்னிடம் வேறு வியாதிக்கு வருவீர்கள் என்றார்.

கூம்புக் கருவிழி, ஆங்கிலப் பெயர் கெரட்டோகோனஸ். அதன் ஆரம்பக் கட்டம். கனம் போதும், பவர் குறைவு, எல்லாம் சரி, ஆனால் வடிவம் சரியில்லை. அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சில வருடத்தில் லேசர் இல்லாமலே அந்தத் திட்டு வளர்ந்தது, சிலிண்டர் பவர் ஏறியது. சி3ஆர் என்ற சிகிச்சை செய்தார்கள். ரிபோஃப்ளேவின், நம் பி2 வைட்டமின்தான், அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கருவிழியை ஊறவைத்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். பழைய முறையில் ஒளி மட்டும் அரை மணி நேரம். திசு இறுகி, பிதுங்குவது நின்றுவிடும். பார்வையைத் திருத்தாது, இருப்பதைக் காப்பாற்றும். அதோடு நின்றது, இன்றுவரை ஏறவில்லை.

ஆகவே கருவிழிப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மெஷின், எத்தனை விநாடி, பிளேடா பிளேடில்லையா, கான்டூராவா ஸ்மைல் ப்ரோவா என்பதெல்லாம் அந்தப் படம் சரியாக இருந்தால் மட்டுமே பேச வேண்டிய சங்கதி. நம் ஊரில் பேச்சு மெஷின் பெயரில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. கான்டூரா என்று கூடுதல் காசு கேட்கிறார்களே, அதுவும் லேசிக்தான், ஃப்ளாப்பும் உண்டு. கருவிழியின் மேடுபள்ளத்தையும் கணக்கில் எடுத்துச் செதுக்குகிறது, அவ்வளவே.

ஜூன் 16, இரவு

சொல்ல விட்டுப்போனது: என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே கண் அரிப்பு அலர்ஜி, முஷ்டியால் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கெரட்டோகோனஸுக்கும் கண் தேய்ப்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை கண்ணைத் தேய்த்தால் அதட்டுவதை விட்டுவிட்டு அலர்ஜிக்கு மருந்து போடுங்கள்.

ஜூன் 20

பவர் குறைய வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒருவர் விளக்கெண்ணெய், இன்னொருவர் கண்ணில் தேன், மூன்றாமவர் சூரியனைப் பார்த்துக் கண் பயிற்சி. தேனைக் கண்ணில் விடாதீர்கள், தோசைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்ணின் நீளத்தால் வருகிறது. சாதாரணக் கண் முன்னிருந்து பின்னாக 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய மைனஸ் 2.5 முதல் 3 வரை ஏறும். நீண்டுபோன கண்ணை எண்ணெயோ பயிற்சியோ குறுக்காது.

லேசரும் குறுக்காது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. முன்னால் இருக்கிற கருவிழியைத் தட்டையாக்குகிறோம், பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கிறது. எனக்கு லேசிக் செய்து பல வருடம் கழித்து ஒரு நாள் வலது ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல ஒளிக்கீற்றுகள், கூடவே கொசு பறப்பது போலப் புள்ளிகள். கண்ணாடி போனதோடு கண் டாக்டரும் போய்விட்டார் என்று நினைத்திருந்த காலம் அது. பாப்பாவை விரியவைத்துப் பார்த்தால் விழித்திரை ஓரத்தில் மெலிந்த திட்டு, அதில் ஒரு சின்ன ஓட்டை. சுற்றிலும் லேசரால் சுட்டு அணை கட்டினார்கள். இது வேறு லேசர், இதற்கும் பவருக்கும் சம்பந்தமில்லை. சுணங்கியிருந்தால் விழித்திரை கழன்று வந்திருக்கும்.

மைனஸ் 6 போய்ப் பூஜ்யம் ஆனவர் உள்ளுக்குள் இன்னும் மைனஸ் 6 கண்ணோடுதான் நடமாடுகிறார். வருடத்துக்கு ஒரு முறை பாப்பாவை விரித்து விழித்திரையைக் காட்டுங்கள். மின்னல், திடீர்ப் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தது போல நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள்.

ஜூன் 23

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, நமக்கு ஒத்துவராது என்று ஒரு பெரியவர். ஐயா, அந்த லேசர் உயிர்த் திசுவைச் சுடாமல் வெட்டும் என்று கண்டுபிடித்த மூவரில் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். ரங்கசாமி சீனிவாசன். 1981-இல் நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரோடு வேலை பார்த்தார். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரை அதில் பாய்ச்சினார்கள். ஓரம் கருகவில்லை, கத்தியால் கீறியதைவிடத் துல்லியமான வெட்டு. கணினிச் சில்லு செய்கிற கம்பெனிக்குள் இது நடந்தது என்பதுதான் வேடிக்கை. அடுத்து ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் சீனிவாசனோடு சேர்ந்து, இதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். 2013-இல் ஒபாமா ஆட்சியில் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியப் பதக்கம்.

என் கண்ணில் வந்த முடி கருகுகிற வாசனை இங்கே இடிக்கிறதே என்று கேட்பீர்கள். அது வெந்த வாசனை இல்லை. திசுவின் மூலக்கூறுகள் பிணைப்பு அறுந்து ஆவியாகப் பறக்கிற வாசனை.

அதற்கு முன்னால் இருந்ததை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கும். 1970-களில் மாஸ்கோவில் ஃபியோதரவ் கருவிழியில் சைக்கிள் சக்கரக் கம்பி போல வெளிநோக்கிக் கீறல் போட்டுத் தட்டையாக்கினார். உலகம் முழுக்கப் பரவியது, நம் ஊரிலும் செய்தார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்துகொண்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், நூற்றுக்கு 43 கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தன. எங்கள் வங்கியில் ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் 90-களில் அதைச் செய்துகொண்டவர். காலையில் ஒரு பவர், சாயங்காலம் ஒரு பவர். இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார்.

ஜூலை 2

நாற்பதைத் தாண்டியவர்கள் லேசர் பற்றிக் கேட்கிறார்கள். வெள்ளெழுத்தை மறந்துவிடாதீர்கள். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது, கருவிழி லேசர் அதைத் தடுக்காது.

எங்கள் வீட்டில் நடக்கிற கூத்து: கணவருக்கு மைனஸ் 2.5, எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளாதவர். காலையில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பேப்பரில் பொடி எழுத்து டெண்டர் விளம்பரம் வரை படிக்கிறார். நான் காசு செலவழித்துக் கண்ணாடியைத் தொலைத்தவள், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் படிக்க அவரைக் கூப்பிடுகிறேன். மைனஸ் 2, 2.5 வைத்திருக்கிற நாற்பது வயதுக்காரர்களே, உங்கள் கண்ணிலேயே இலவசமாக ஒரு படிப்புக் கண்ணாடி இருக்கிறது. அதை லேசர் விட்டு அழிக்கும் முன் யோசியுங்கள்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கிற மோனோவிஷன் உண்டு. சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குத் தலை சுற்றும். செய்வதற்கு முன் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக் கொஞ்ச நாள் ஒத்திகை பார்க்கலாம். ஒத்திகை பார்க்கவிடாமல் நேராக மேசைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஜூலை 3

கணவர் இதைப் படித்துவிட்டார். இன்று காலை டெண்டர் விளம்பரத்தை உரக்கப் படித்தார்.

ஜூலை 9

ரயில்வேக்குப் படிக்கிற பையன் ஒருவன் தனிச்செய்தியில் கேட்டது எல்லோருக்கும் பயன்படும். உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்கள், அல்லது பார்வைக் குறையைத் திருத்த வேறு எந்த அறுவை செய்துகொண்டவர்களும் தகுதியில்லை என்று ரயில்வே தேர்வு வாரியத்தின் (ஆர்ஆர்பி) அறிவிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் வேலை கிடைக்காது என்று எண்ணி லேசர் செய்துவிட்டு, அதனாலேயே வெளியே போகிற கொடுமை நடக்கிறது. ராணுவம், விமானப்படைக்கெல்லாம் அவரவர் விதி தனி. எத்தனை வயதில் செய்தது, கண் எவ்வளவு நீளம், செய்து எவ்வளவு காலம் என்று பார்ப்பார்கள். முதலில் அறிவிக்கை, பிறகு ஆஸ்பத்திரி.

காப்பீடு: 7.5 டயாப்டருக்குக் கீழ் இருந்தால் பார்வைத் திருத்தச் செலவைத் தர மாட்டோம் என்பது நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் பொதுவான விலக்கு. 6.5-க்கு ஒரு பைசா எதிர்பார்க்க வேண்டாம். 7.5-உம் அதற்கு மேலும் உள்ளவர்கள் பாலிசியைப் படித்துவிட்டு, முன் அனுமதி கேட்டு எழுதுங்கள். விஷயம் தெரியாமல் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஜூலை 21

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தது, அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லை. அதுவும் பார்வைத் திருத்தம்தான், நாம் அப்படி நினைப்பதில்லை. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும்போது பழைய பவரையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். அம்மா 68 வயதில் முதல் முறையாகக் கண்ணாடி இல்லாமல் பேருந்துப் பலகை படிக்கிறார். வரும் எல்லா ஊரையும் சத்தமாகப் படிக்கிறார்.

செயற்கை லென்ஸை முதலில் வைத்தவர் லண்டனில் ஹாரல்ட் ரிட்லி, 1949. போரில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணில் குத்தியும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தார். நம் பக்கத்தில் அதை ஏழைக்கும் எட்டவைத்தது மதுரை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதி லென்ஸின் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் அரோலேப் என்ற தொழிற்கூடம் வைத்து அவர்களே செய்யத் தொடங்கினார்கள், விலை சரிந்தது.

லென்ஸ் தேர்வில் எங்களைக் குழப்பினார்கள். மல்டிஃபோகல் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்றார் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பெண். தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒளியைப் பங்கு போடுகிற லென்ஸ் அது, இரவில் வளையம், மங்கலான வெளிச்சத்தில் கொஞ்சம் தெளிவுக் குறைவு இருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, விழித்திரையிலும் லேசான பாதிப்பு. ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் போதும், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவே முடித்துவிட்டார். டாக்டரும் அதையே சொன்னார். கவுன்சிலர் முகம்தான் வாடியது.

ஜூலை 21, இரவு

அம்மாவுக்கு லென்ஸ் பவர் அளந்தபோது, எனக்குப் பின்னாளில் என்ன செய்வார்கள் என்று டாக்டரைக் கேட்டேன். உங்கள் லேசிக் கோப்பு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

விஷயம் இதுதான். புரை லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். லேசர் செய்த கருவிழியில் அந்த வளைவுக் கணக்கு ஏமாற்றும். கவனிக்காமல் வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் பார்வை பிளஸ் பக்கம் போய்விடும். இதற்கென்றே தனிச் சூத்திரங்கள் வந்துவிட்டன, பழைய அளவு இருந்தால் இன்னும் துல்லியம். கண்ணழுத்தமும் அப்படித்தான், மெலிந்த கருவிழியில் குறைவாகக் காட்டும். குளுகோமா என்கிற கண்ணழுத்த நோய் இருந்தும் எல்லாம் சரி என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. எங்கே போனாலும் லேசர் செய்தவள் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4

கோப்பில் என்னென்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: அறுவைக்கு முந்தைய பவர், கெரட்டோமீட்டர் அளவு (கருவிழியின் வளைவு), கருவிழிக் கனம், கண்ணின் நீளம் எடுத்திருந்தால் அது, எத்தனை மைக்ரான் எடுத்தார்கள், சில மாதம் கழித்து நிலைத்த பவர். ஐசிஎல் என்றால் லென்ஸோடு வரும் அட்டை. ஆஸ்பத்திரிகள் பழைய கோப்புகளை எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள். நான் போய்க் கேட்ட இடத்தில் கிளையே இல்லை, அங்கே இப்போது செல்போன் கடை.

பென்டகாம் படத்தைக் கலரிலேயே வாங்குங்கள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். பவர் மெஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டு பெட்ரோல் பங்க் ரசீது மாதிரி வெப்பக் காகிதம், இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள்.